கெடாவுக்குப் போகும் கடிதம்

வெளிநாட்டாருக்குத் தங்கள் வாழ்க்கையைக் கடிதத்தில் விளக்கும் வழக்கம் காவிரிப் படுகைக்குப் புதிதல்ல. 1712 முதல் 1714 வரை தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரியார்களான சீகன்பால்கும் குருண்ட்லரும் கேள்விகள் அனுப்பி, தமிழர்களிடமிருந்து பதில் வாங்கினார்கள். அப்படிச் சேர்ந்த 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சாயின. தமிழர் வாழ்க்கையைப் பற்றி ஐரோப்பா அறிந்துகொள்ள அவை பெரிதும் உதவின. ஆனால் எதைக் கேட்பது, எதை அச்சிடுவது என்று முடிவு செய்தவர்கள் ஐரோப்பியர்களே.

பள்ளிக் குழந்தைகளிடையே இதைச் சமமான பரிமாற்றமாக்கிக் காட்டியவர் பிரெஞ்சு ஆசிரியர் செலஸ்தேன் பிரேனே. 1920களில் மலைக் கிராமம் ஒன்றில் பாடம் நடத்திய அவர், ஒரு சிறிய அச்சுப்பொறி வாங்கினார். குழந்தைகள் தாங்களே எழுதி, அச்சுக் கோத்து, அந்தத் தாள்களைப் பிரிட்டனி கடலோரப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தும் தாள்கள் வந்தன. மலைப் பிள்ளைக்குக் கடலோர வாழ்க்கை புதிது, கடலோரப் பிள்ளைக்கு மலை வாழ்க்கை புதிது. இரு பக்கமும் சொல்ல விஷயம் இருந்ததால்தான் அது நிலைத்தது.

இன்று இணையம் வழியே வெளிநாட்டுப் பள்ளிகளோடு பேசும் முயற்சிகள் பல, பொங்கல் வாழ்த்தும் கோலப் படமும் பரிமாறியதோடு நின்றுவிடுகின்றன. காவிரி டெல்டாவின் குழந்தைக்குச் சொல்ல அதைவிடப் பெரிய விஷயம் வாசலிலேயே இருக்கிறது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறக்க வேண்டும். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தது. 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. தண்ணீர் பிந்தினால் குறுவை என்னாகிறது, சம்பா எப்போது தொடங்குகிறது என்பதை ஒரத்தநாட்டுப் பிள்ளை பாடப்புத்தகம் பார்த்து எழுத வேண்டியதில்லை, அப்பாவைக் கேட்டே எழுதலாம்.

இப்படி எழுதும் கடிதத்தைப் படிக்க மிகப் பொருத்தமானவர்கள் மலேசியத் தமிழ்ப்பள்ளிக் குழந்தைகள். அங்கே 500க்கும் மேற்பட்ட அரசுத் தமிழ்ப்பள்ளிகள் ஆறாம் ஆண்டு வரை தமிழிலேயே கற்பிக்கின்றன. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகளும் அவற்றில் படிக்கிறார்கள். பினாங்கை ஒட்டிய கெடா மாநிலம் மலேசியாவின் நெற்களஞ்சியம். அங்குள்ள மூடா பாசனத் திட்டம் 1970 முதல் ஏறத்தாழ ஒரு லட்சம் ஹெக்டேரில் இருபோகம் விளைய வைக்கிறது.

இங்கே அரசுக் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதனால்தான் அறுவடைக் காலத்தில் தஞ்சைச் சாலைகளின் ஓரமெங்கும் நெல் காய்கிறது, மழை இருட்டினால் வீடே தார்ப்பாயோடு ஓடுகிறது. ‘ஏன் ரோட்டில் காயவைக்கிறீர்கள்?’ என்று கெடாவிலிருந்து ஒரு கேள்வி வந்தால், பதில் தேடும் பிள்ளை களம், கிடங்கு, உலர்த்தும் இயந்திரம், அரசு விதி என்று எல்லாவற்றையும் விசாரித்தாக வேண்டும். அந்தத் தேடலே பாடம். கெடாவின் தமிழ்ப்பள்ளிகளில் பல, தோட்டங்களை ஒட்டித் தோன்றியவை; எல்லார் வீட்டிலும் வயல் இருக்காது. ஆனால் ரப்பர் பால் எடுப்பதும் செம்பனைக் குலை அறுப்பதும் டெல்டாப் பிள்ளைக்குப் புதிய உலகம்.

நேரலையில் பேசுவதுதான் சிறந்தது என்ற எண்ணம் இதற்குப் பொருந்தாது. மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. இங்கே காலை 9.30க்கு வகுப்பு தொடங்கும்போது அங்கே நண்பகல், இன்னும் சிறிது நேரத்தில் காலைப் பள்ளிகள் விட்டுவிடும். எழுதிய பக்கமும் பதிவு செய்த குரலும் நேரம் பார்ப்பதில்லை. கூச்சப்படும் பிள்ளையும் அவற்றில் தயங்காமல் பங்கெடுக்கும்.

கடிதத்தோடு பிள்ளையின் முழுப்பெயர், முகவரி, தனிப்படம் எதுவும் போகக் கூடாது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. ஆசிரியர் படித்துப் பார்த்து, வகுப்பின் பெயரால் அனுப்புவதே சரி. பதினைந்து நாளுக்கு ஒரு கடிதம் போதும். அணை திறப்பதிலிருந்து சம்பா அறுவடை வரை எழுத விஷயம் தீராது. வந்தவையும் போனவையும் பள்ளியிலேயே கோப்பாக இருந்தால், ஆசிரியர் மாறுதலாகிப் போனாலும் அடுத்த வகுப்பு விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.