தேய்ப்புப் பெட்டி கொடுத்தீர்கள், தண்ணீர் எங்கே?

நீராவி இஸ்திரிப் பெட்டி வாங்கினால் அட்டைக்குள் ஒரு சிறு கையேடு இருக்கும். எந்தத் தண்ணீரை ஊற்றலாம், எதை ஊற்றக் கூடாது என்று அதில் தனியாகவே எழுதியிருப்பார்கள். உங்கள் ஊர்த் தண்ணீர் உப்பாக இருந்தால், உப்பு நீக்கிய தண்ணீரைக் கலந்து ஊற்றுங்கள். வாசனைத் தண்ணீர், கஞ்சி, வினிகர் எதையும் ஊற்றாதீர்கள்.

அறிவுரை சரிதான். போர்த் தண்ணீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. சூடு பட்டதும் அவை வெள்ளைப் பொருக்காகப் படிந்து பெட்டியின் துளைகளை அடைக்கும். பொருக்கு உடைந்து தெறித்தால் கறுப்பு பேன்ட்டில் வெள்ளைப் புள்ளி விழும். கரிப்பெட்டியில் நீராவி கிடையாது, கையால் தெளித்துத்தான் தேய்க்க வேண்டும். உப்புத் தண்ணீரைத் தெளித்தால் காய்ந்த இடத்தில் திட்டு நிற்கும். தண்ணீரில் இரும்பு இருந்தால் வெள்ளை வேட்டியில் பழுப்புக் கறை ஏறும். பவானியிலோ ஈரோட்டிலோ கோவையிலோ தெருவோரம் தேய்ப்பு வண்டி போட்டிருக்கும் எவருக்கும் இது கையேடு இல்லாமலே தெரியும்.

எங்கள் கேள்வி வேறு. "நல்ல தண்ணீராகப் பார்த்து ஊற்றுங்கள்" என்று அந்தக் கையேடு யாரிடம் சொல்கிறது? வீட்டுக்குள் இரண்டு குழாய் வைத்து, ஒன்றில் நல்ல தண்ணி, இன்னொன்றில் உப்புத் தண்ணி பிடிக்கிறவரிடம் சொல்கிறது. அவருக்குப் பார்த்து ஊற்ற வழி இருக்கிறது. புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, எதிர்வீட்டுக்காரர் மனம் வைத்தால் ஒரு குடம் பிடித்துக்கொள்கிறவருக்கு அந்த வழி இல்லை. கிடைத்ததைத்தான் அவர் தெளிக்க முடியும். அதில் கறை விழுந்தால் "சட்டையைக் கெடுத்துவிட்டாய்" என்று கூலியில் பிடிப்பார்கள். தண்ணீரில் இருக்கும் உப்புக்குத் தண்டம் கட்டுகிறவர் தேய்ப்பவர்தான்.

தோழர்களே, ஓர் அரசு ஆவணத்தைப் படித்துப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, ஐ.எஸ். 10500. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் ஏற்கலாம் என்கிறது. கடினத்தன்மைக்கு 200 மில்லிகிராம். அருகிலேயே இன்னொரு பத்தி இருக்கிறது: மாற்று ஆதாரம் இல்லாத நிலையில் உப்பு 2000 வரை, கடினத்தன்மை 600 வரை அனுமதிக்கலாம். துணிக்குத் தெளிக்கிற தண்ணீரைப் பற்றியதல்ல இது, மனிதர் குடிக்கிற தண்ணீரைப் பற்றியது.

மாற்று ஆதாரம் இல்லாத நிலை என்றால் என்ன? வறண்ட பூமியில் பாறைக்கு அடியில் உப்பைத் தவிர வேறெதுவும் இல்லையென்றால் அது ஒரு நிலை. ஊருக்குள் இருக்கும் மேல்நிலைத் தொட்டிக்கு ஆற்றுத் தண்ணீர் ஏறுகிறது, காலனியில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டிக்குப் போர்த் தண்ணீர் ஏறுகிறது என்றால் அது வேறு நிலை. அங்கே மாற்று இருக்கிறது, அரைக் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அது நம் தெருவரைக்கும் வரவில்லை, அவ்வளவுதான். "காலனி" என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. சொல்லை நீக்கும் கையோடு குழாயின் கடைசி முனையையும் அங்கிருந்து நகர்த்தச் சொல்கிறோம்.

"இது நிலத்தடி நீர்ப் பிரச்சினை, பாறைக்குச் சாதி தெரியுமா?" என்று கேட்பார்கள். பாறைக்குத் தெரியாது. குழாய் எந்த வழியாகப் போக வேண்டும் என்று கோடு போடுகிறவருக்குத் தெரியும்.

துணிக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று கொங்கு நாட்டுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. திருப்பூரின் நிலத்தடி நீர் உப்பானது. உப்புத் தண்ணீரில் சாயம் சீராகப் பிடிக்காது, சோப்பு நுரைக்காது. அதனால் சுற்றுக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் போயிற்று. பிறகு 1995இல் புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. அரசும் தனியாரும் கூட்டாகப் பணம் போட்டு, நாளொன்றுக்கு 185 மில்லியன் லிட்டர் கொள்ளளவில் பவானி ஆற்றுத் தண்ணீரை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாயில் கொண்டுபோனார்கள். திருப்பூர் நகருக்கும் வழியோரக் கிராமங்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் திட்டம் பிறந்ததே பனியனுக்காக. ஆலைக்குள் போய்ப் பார்த்தால், அயர்ன் டேபிளுக்கு நீராவி அனுப்பும் பாய்லருக்குள் கடினத்தன்மை ஏறிவிடாமல் தண்ணீரைச் சோதித்துச் சோதித்து ஊற்றுவார்கள். ஏறினால் பாய்லர் கெட்டுவிடும்.

அப்படி ஊற்றிய தண்ணீர் வெளியே வந்தது எப்படி? நொய்யலில் சாயமாக வந்தது. 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, பாசன அணையாக இருக்க வேண்டியது, சாயக் கழிவின் தொட்டியாயிற்று. அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே வழக்குப் போடும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான் கழிவை ஒரு சொட்டும் வெளியேற்றாமல் சுத்திகரிக்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. இங்கே பவானியிலும் காலிங்கராயன் வாய்க்காலிலும் சாயமும் தோல் கழிவும் கலந்த கதை ஊரறிந்தது. நஷ்டஈடு பேசும்போது நிலத்தின் சொந்தக்காரர் பெயர் பட்டாவில் இருந்தது. அந்த நிலத்தில் கூலிக்குப் போனவர், அந்த ஆற்றுத் துறையில் துணி வெளுத்தவர் பெயர் எந்தப் பட்டாவிலும் இல்லை.

துறை என்று சொன்னால் வெளுப்பவரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கொங்கில் அவரை ஏகாலி என்பார்கள். வெள்ளாவி வைத்து, ஆற்றில் அலசி, காயவைத்து, மடித்துக் கொடுத்தவர். பிறப்புக்கும் பூப்புக்கும் சாவுக்கும் மாற்றுத் துணி கொண்டுவந்தவர். கூலியாகக் களத்தில் தானியமும் இரவில் சோறும் வாங்கியவர். இன்று தெருவோரத் தேய்ப்பு வண்டிக்குப் பின்னால் நிற்பவர்களில் பலர் அந்தக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். துணி மாறிவிட்டது, கரி போய் மின்சாரம் வந்தது. யார் துணியை யார் தேய்ப்பது என்பது பெரும்பாலும் மாறவில்லை.

சட்டம் இவர்களை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறது என்று பாருங்கள். கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் வண்ணார் பட்டியல் சாதி. பவானியில் அதே வண்ணார் மிகவும் பிற்படுத்தப்பட்டோர். ஆகவே இங்கே ஒரு தேய்ப்புக்காரரைச் சாதி சொல்லிக் குழாயடியிலிருந்து விரட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்காக வராது. பட்டியல் சாதிகளுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார் பட்டியல் சாதியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு 2009இல் தனி நல வாரியமும் அமைத்தார்கள். ஆனால் சாதிச் சான்றிதழ் வாங்கவே அவர்கள் அலுவலகம் அலுவலகமாக அலைகிறார்கள்.

புதிரை வண்ணாரைப் பற்றி இளம் தோழர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று உண்டு. 1932 டிசம்பரில் ஆங்கில நாளேடான 'இந்து'வில் வந்த செய்தியை அம்பேத்கர் எடுத்துக்காட்டியிருக்கிறார். திருநெல்வேலி மாவட்டத்தில் அவர்கள் பகலில் வெளியே வரக் கூடாது, கண்ணில் பட்டாலே தீட்டு. இரவில்தான் வெளுத்தார்கள். தீண்டக் கூடாதவர் என்று தள்ளப்பட்டவர்களின் துணியை வெளுத்தவரைக் காணக் கூடாதவர் ஆக்கியது இந்தச் சமூகம். சாதி என்பது படிக்கட்டு. ஒவ்வொரு படிக்கும் கீழே இன்னொரு படியைக் காட்டி, அதில் நிற்பவரை மிதிக்கச் சொல்லும். நம் தெருக் குழாயில் அவர் குடம் எந்த வரிசையில் நிற்கிறது என்று பார்க்காமல் நாம் ஊர்க் குழாயைப் பற்றிப் பேசினால் பேச்சில் வலு இருக்காது.

"தேய்க்கிற தண்ணீர் ஒரு விஷயமா? இதற்கெல்லாமா போராட்டம்?" என்று நம் கூட்டங்களிலேயே சிலர் கேட்கிறார்கள். 1930இல் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு 8 தடைகள் போட்டார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, சட்டை, பனியன் போடக் கூடாது. மறு ஆண்டு தடைகள் 11 ஆயின. பெண்கள் மண்பானையில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், பித்தளை, செம்புக் குடம் கூடாது, தலைச் சும்மாட்டுக்குத் துணி கூடாது, வைக்கோல்தான். துணியும் தண்ணீரும் ஒரே பட்டியலில் இருந்தன. நம்மை அடக்க நினைத்தவர்களுக்கு இரண்டும் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. தேய்த்த சட்டையோடு தலை நிமிர்ந்து நடப்பவரைப் பார்த்து இன்றும் முகம் சுளிக்கிறவர்களுக்கும் அது சின்ன விஷயமாகத் தெரிவதில்லை.

உரிமை காகிதத்தில் வந்ததா என்றால், வந்தது. 1924இலேயே இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லோருக்கும் உரியவை என்று அரசை ஆணையிட வைத்தார். மகாடு நகராட்சியும் சவதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டிருந்தது. காகிதத்தில் திறந்த குளத்தில் இறங்கிக் குடிக்க 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துப்போக வேண்டியிருந்தது. குடித்த பிறகு குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். வழக்கு 1937இல்தான் முடிந்தது. அரசமைப்பின் 15ஆம் பிரிவு கிணறு, குளம், படித்துறை எதிலும் சாதியால் தடுக்கக் கூடாது என்கிறது. காகிதத்துக்கும் குழாய்க்கும் நடுவில் உள்ள தூரத்தை யாராவது நடந்து கடக்க வேண்டும்.

இன்னொரு யோசனையும் சொல்கிறார்கள்: ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, அதைப் பிடித்துக்கொள்ளலாமே? வடிகட்டித் தெளிக்கப் பிடித்துக்கொள்ளட்டும், தவறில்லை. நீராவிப் பெட்டிக்கு அது ஆகாது என்று சில கையேடுகளே சொல்கின்றன. மழைத் தண்ணீரும் மென்மையானதுதான். போர்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தெளிவை மட்டும் எடுத்தால் ஓரளவு சுண்ணாம்பு அடியில் தங்கும். கைக்கு உதவும் இந்த வழிகளைத் தேய்ப்பவர்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள். ஆனால் இவற்றையே தீர்வு என்று சொல்லி அரசு கைகழுவ விடாதீர்கள். விலையில்லாத் தேய்ப்புப் பெட்டி தரும் திட்டம் அரசிடம் இருக்கிறது. பித்தளைப் பெட்டி கொடுத்தார்கள், பிறகு எரிவாயுப் பெட்டிக்கு மாறினார்கள். பெட்டியோடு ஒரு குழாய் இணைப்பும் வேண்டும் என்று எந்தக் கோப்பிலும் ஏன் எழுதவில்லை?

மாணவத் தோழர்கள் இந்த விடுமுறையிலேயே தொடங்கக்கூடிய வேலைகள் இவை.

உங்கள் ஊராட்சியில் ஊர்த் தொட்டித் தண்ணீரையும் காலனித் தொட்டித் தண்ணீரையும் தனித்தனிப் பாட்டிலில் பிடித்து, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். உப்பு, கடினத்தன்மை, இரும்பு, மூன்றையும் எழுதி வாங்குங்கள். இரண்டு தாளையும் அருகருகே வைத்தாலே பாதி வாதம் முடிந்துவிடும்.

எந்தத் தொட்டிக்கு எந்த ஆதாரத்திலிருந்து தண்ணீர் ஏறுகிறது, எத்தனை நாளைக்கு ஒருமுறை ஏறுகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதிலை மார்ச் 22, உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில் எழுந்து வாசியுங்கள். தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள்.

நகரத்தில் இருப்பவர்கள் 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டத்தைக் கையில் எடுங்கள். தெருவில் பொருள் விற்பவரோடு சேவை தருபவரும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறார். தேய்ப்பு வண்டிக்காரரை நகர விற்பனைக் குழுவின் கணக்கெடுப்பில் சேர்க்க வையுங்கள். அடையாள அட்டையோடு, வண்டி நிற்குமிடத்தில் பொதுக் குழாயும் கேளுங்கள்.

பட்டியல் சாதியினரைக் குழாயிலோ துறையிலோ தடுத்தால், 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதைக் குற்றம் என்று தெளிவாகவே சொல்கிறது. சமாதானக் கூட்டம் என்று உட்காரவைப்பார்கள். முதல் தகவல் அறிக்கை பதியாமல் எழுந்திருக்காதீர்கள். அந்தச் சட்டம் எட்டாத வண்ணார் தோழர்களின் பட்டியல் சாதிக் கோரிக்கையை நம் கோரிக்கைகளோடு சேர்த்தே எழுப்புங்கள். நம் இட ஒதுக்கீட்டில் பங்கு போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். பங்கைக் கூட்டச் சொல்லிச் சேர்ந்து கேட்பதுதான் அதற்குப் பதில்.

பனியனுக்காகப் பவானித் தண்ணீர் ஐம்பது கிலோமீட்டர் போக முடியுமென்றால், பவானிக் கரையில் அந்தப் பனியனைத் தேய்த்துக் கொடுப்பவரின் வண்டிவரை வருவதற்கு என்ன தடை என்று அதிகாரிகளைக் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஜெய்பீம்.