பூட்டியாவுக்குக் கிடைச்ச ஏணி

நம்ம பக்கத்துப் புள்ளைங்களுக்கு விளையாட்டைப் பற்றி யார் பேச வந்தாலும் ஒரு வசனம் நிச்சயம் வரும்: "திறமை இருந்தா எங்க இருந்தும் மேல வரலாம்." விளையாட்டுப் போட்டிக்கு வரும் பிரதம விருந்தினர் சொல்வார், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் சொல்லும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுக்குள்ள ஒரு குற்றச்சாட்டு ஒளிஞ்சிருக்கு. மேல வராதவனுக்குத் திறமை இல்ல, இல்லாட்டி அவன் முயற்சி செய்யல என்பதுதான் அது. இது எவ்வளவு பொய்யின்னு பார்க்க, அந்த வசனத்துக்கே உதாரணமாகக் காட்டப்படும் ஒரு மலைக்காரரை எடுத்துக்கொள்வோம்: பைச்சுங் பூட்டியா.

நம்மில் நிறையப் பேருக்கு சுனில் சேத்ரியைத் தெரியும். சேத்ரிக்கு முன்னால் இந்திய அணியின் முன்வரிசையைத் தோளில் சுமந்தவர் பூட்டியா. 1976 டிசம்பரில் தெற்கு சிக்கிமில் தின்கிதாம் என்ற மலைக் கிராமத்தில் பிறந்தார். பெற்றோர் விவசாயிகள். சரிவு, மூடுபனி, மழை என்று கொத்மலைக்காரருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஊர். மகன் பந்துக்குப் பின்னால் ஓடுவதில் வீட்டாருக்கு முதலில் பெரிய விருப்பம் இருக்கவில்லை. அதுவும் நமக்குப் புதுசில்ல.

இனி நடந்ததைக் கவனமா பாருங்க. ஒன்பது வயதில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் புலமைப்பரிசில் கிடைத்து, கங்டொக்கில் உள்ள தாஷி நம்கியால் அகடமியில் சேர்கிறார். 1992இல் அகில இந்தியப் பாடசாலைகளுக்கான சுப்ரதோ கிண்ணத்தில் சிறந்த வீரராகத் தெரிவாகிறார். இந்திய அணியின் முன்னாள் கோல்காப்பாளர் பாஸ்கர் கங்குலியின் கண்ணில் பட்டதால் கல்கத்தாவுக்கு வழி திறக்கிறது. 1993இல் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேரும்போது அவருக்கு வயது 16.

புலமைப்பரிசில், தங்கிப் படிக்க ஓர் இடம், நாடு முழுக்கப் பார்க்கும் ஒரு பாடசாலைப் போட்டி, அங்கே வந்து உட்கார்ந்து பார்த்த ஒரு பெரியவர், சம்பளம் கொடுக்கும் ஒரு கழகம். இந்த அஞ்சில் எது ஒன்று இல்லாமப் போயிருந்தாலும், தின்கிதாமில் நல்லா பந்து ஆடின ஒரு விவசாயியாக அவர் இருந்திருப்பார். அவருடைய திறமையை நான் குறைச்சுப் பேசல. அந்தத் திறமை ஏறிப்போக ஓர் ஏணி இருந்தது என்றுதான் சொல்றேன்.

அதுக்குப் பிறகு அவர் ஓர் இடத்தில் நிற்கவே இல்லை. 1995இல் பஞ்சாபின் ஜேசிடி கழகத்துக்குப் போனார். 1996-97இல் இந்தியாவின் முதலாவது தேசிய லீக்கை ஜேசிடி வென்றபோது அதிக கோல் அடித்தவர் அவர்தான். திரும்ப ஈஸ்ட் பெங்கால். 1997 ஜூலை 13ஆம் திகதி சால்ட் லேக் மைதானத்தில் மோகன் பாகனுக்கு எதிராக மூன்று கோல். ஆட்டம் 4-1 என்று முடிந்தது. பார்க்க வந்தவர்கள் 131,000 பேருக்கும் மேல். 1999இல் இங்கிலாந்தின் பரி கழகத்துடன் ஒப்பந்தம். பின்னர் மோகன் பாகன், மலேசியாவில் பெராக், மறுபடி ஈஸ்ட் பெங்கால், சிலாங்கூர் எம்கே லேண்ட், மறுபடி மோகன் பாகன், 2009இல் மறுபடியும் ஈஸ்ட் பெங்கால், கடைசியில் யுனைட்டட் சிக்கிம். சேரும் கழகங்களை எண்ணவே கை விரல் பத்தாது.

பரி காலத்தைப் பற்றித் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் பாதிதான் சொல்வார்கள். "ஐரோப்பாவில் ஆடிய இந்தியர்" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடுவார்கள். மீதிக் கதை இதுதான்: அது இங்கிலாந்தின் மூன்றாம் நிலை லீக். 37 லீக் ஆட்டங்களில் அவர் அடித்தது 3 கோல். குளிர், காயம், கழகத்துக்குப் பணக் கஷ்டம். 2002இல் திரும்பிவிட்டார். கணக்குப் பார்த்தால் தோல்வி மாதிரித் தெரியும். ஆனா திரும்பி வந்தவருக்கு வீடு இருந்தது: சம்பளம் தர ஆயத்தமாக இருந்த கழகங்கள், காத்திருந்த தேசிய அணி. அவர் தலைமையில் இந்தியா 2007இலும் 2009இலும் நேரு கிண்ணத்தை வென்றது. 2008இல் ஏஎஃப்சி சவால் கிண்ணத்தையும் வென்று, 1984க்குப் பிறகு முதல் தடவையாக 2011 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. 2012 ஜனவரியில் டில்லியில் அவருக்குப் பிரியாவிடை ஆட்டம் நடந்தபோது எதிரில் நின்றது பயர்ன் மியூனிக். 4-0 தோல்விதான். அதனால என்ன?

தோற்றுத் திரும்பி வர இடம் இருப்பவனால்தான் துணிந்து வெளியே போக முடியும். எனக்கு இந்த வாழ்க்கையில் பிடித்ததே அதுதான்.

"அடிக்கடி கழகம் மாறினவருக்கு விசுவாசம் ஏது?" என்று சிலர் கேட்பார்கள். ஈஸ்ட் பெங்காலுக்கும் மோகன் பாகனுக்கும் நடுவில் இத்தனை தடவை போய் வந்தவரை ரசிகர்கள் சும்மா விட்டிருப்பார்களா? ஆனா நாம இந்தக் கேள்வியைக் கேட்கும் முன் கொஞ்சம் யோசிக்கணும். நம்ம பூட்டன்மார் காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. துரையிடமிருந்து துண்டு கிடைக்காமல் ஒரு தொழிலாளி இன்னொரு தோட்டத்தில் பெயர் பதிய முடியாது. 1921இல்தான் அது ஒழிந்தது. உதைபந்தாட்டத்திலும் கிட்டத்தட்ட ஒரு துண்டு இருந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய கழகம் காசு கேட்டு ஆட்டக்காரனைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். பெல்ஜிய ஆட்டக்காரர் ஜோன்-மார்க் பொஸ்மன் வழக்குப் போட்டு, 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்தப் பிடியை உடைத்தது. விரும்பின இடத்தில் வேலை செய்யும் உரிமைக்காகக் காத்திருந்த சனத்தின் பிள்ளைகள், ஊர் மாறுபவனைத் துரோகி என்று சொல்லக் கூடாது.

இப்ப நம்ம பக்கம் வருவோம். கொத்மலையில் தோட்டத்துக்குத் தோட்டம் டீம் இருக்கு. கிரவுண்ட் இருந்தா கிரவுண்டில, இல்லாட்டி பிரட்டுக்களத்தில ஆட்டம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் டூர்னமென்ட், கோப்பை, ஸ்பீக்கர், சண்டை எல்லாமே இருக்கு. பந்து தேயிலைக்குள்ள உருண்டு போய், தேடி எடுத்து வந்து ஆடின ஆட்டத்துக்கும் குறைவில்ல. இல்லாதது அடுத்த படிதான். அந்த டூர்னமென்டில் நாலு கோல் அடித்த பையனின் பெயரை எழுதிக்கொள்ள ஒரு கொப்பியோடு யாரும் வருவதில்லை. ஓ.எல் முடிந்ததும் அவன் கொழும்பில் ஒரு கடைக்குப் போகிறான். அடுத்த தீபாவளிக்கு லீவில் வந்து மறுபடி நாலு கோல் அடிக்கிறான். அதோட சரி. அவன் தங்கச்சிக்கு அந்த நாலு கோலுக்கும் வாய்ப்பில்ல. கிரவுண்டே அவளுக்குக் கிடையாது.

ஏணியே இல்லை என்று முழுசாவும் சொல்ல முடியாது. கீழே நாவலப்பிட்டியில் அப்கன்ட்ரி லயன்ஸ், கம்பளையில் கிரிஸ்டல் பேலஸ் என்று நாட்டின் முன்னணிப் போட்டிகளில் ஆடிய கழகங்கள் இருக்கின்றன. 2021இல் சூப்பர் லீக் தொடங்கியபோது பத்துக் கழகங்களில் ஒன்று நாவலப்பிட்டிக் கழகம். கொத்மலையிலிருந்து பஸ்ஸில் போகும் தூரம். ஆனா மேலே இருக்கும் தோட்டத்தையும் கீழே இருக்கும் கழகத்தையும் இணைக்க ஒரு பாடசாலைப் போட்டியோ, விடுதியோ, பஸ் காசோ இல்லை. உச்சியிலும் நிலைமை நல்லா இருக்கல. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கைச் சம்மேளனத்தையே இடைநிறுத்தியது. ஓகஸ்ட் கடைசியில்தான் தடை நீங்கியது. மேல்படி ஆடினா கீழ்படியில நிற்கிறவன் எதைப் பிடிச்சு ஏறுவான்?

ஆகவே நாம கேட்க வேண்டியதை மாற்றிக் கேட்போம். "நம்ம பக்கத்திலிருந்து ஒரு பூட்டியா எப்ப வருவான்?" என்ற கேள்வி வேண்டாம். தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு எத்தனை விளையாட்டுப் புலமைப்பரிசில்? எத்தனை பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறார்? தீபாவளி டூர்னமென்டுக்கு நாவலப்பிட்டியிலிருந்தும் கம்பளையிலிருந்தும் ஒரு பயிற்றுநரைக் கூப்பிட நம்ம இளைஞர் கழகங்கள் ஒரு கடிதமாவது எழுதியதா? முதல் இரண்டும் அரசாங்கத்துக்கு. மூன்றாவது நமக்கு. பிரதம விருந்தினருக்கு மாலை வாங்கும் காசில் அந்தப் பயிற்றுநரின் பஸ் செலவைக் கொடுக்கலாம்.

பூட்டியா கடைசிக் காலத்தில் செய்ததும் இந்த மாதிரி ஒரு வேலைதான். சொந்த மலையில் யுனைட்டட் சிக்கிம் கழகத்தைக் கட்டி எழுப்பினார். 2012இல் அது ஐ-லீக்குக்கு ஏறியது, அடுத்த பருவத்திலேயே இறங்கியது. பணம் தாக்குப்பிடிக்கல. தனி ஆளாக ஓர் ஏணியைப் பிடித்து நிற்க அவராலேயே முடியல என்றால், பதினாறு வயசுப் பையன் ஒருவனைப் பார்த்து "முயன்றால் முடியும்" என்று சொல்லிவிட்டு நாம வீட்டுக்குப் போவது என்ன நியாயம்? அடுத்த தீபாவளிக்கு முன் அந்தக் கடிதத்தையாவது எழுதுவோம்.