காலியான நாற்காலியும் காத்திருந்த கடற்கரையும்

செங்கல்பட்டுச் சீமையில் தமிழ் கற்பிப்போர் எவரும் உத்தரமேரூரைச் சொல்லாமல் ஓர் ஆண்டைக் கடத்துவதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகளில் குடவோலை முறை விரிவாகச் சொல்லப்படுகிறது. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்தனர். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்தவரும் எழுபதைக் கடந்தவரும் கூடாது. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் கூடாது. வாரியத்தில் இருப்பவரிடம் குற்றம் கண்டால் உடனே நீக்க வேண்டும் என்றெல்லாம் விதி வகுத்தனர். நிலமும் வீடும் உடையோர்க்கே அம்முறை உரியது என்ற குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு பொறுப்பு எவ்வாறு நிரப்பப்படுகிறது என்பது முன்கூட்டியே ஊரறிய எழுதப்பட்டிருக்க வேண்டும் என்ற எண்ணம் அக்கல்லில் இருக்கிறது.

அதே உத்தரமேரூர் அடங்கிய காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதிக்குள்தான் திருப்போரூர்ச் சட்டமன்றத் தொகுதியும் அமைந்துள்ளது. மாமல்லபுரத்துக் கடற்கரையும் அதனைச் சார்ந்ததே. கல்வெட்டின் பெருமை பேசும் நாம், இந்தத் தொகுதிக்கு நேர்ந்ததை ஏனோ அதிகம் பேசுவதில்லை.

2017 ஆகஸ்டில், அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி மீது நம்பிக்கையில்லை என்று அ.தி.மு.க. உறுப்பினர் சிலர் ஆளுநரிடம் கடிதம் கொடுத்தனர். அவர்களுள் பதினெட்டுப் பேரைச் சட்டப்பேரவைத் தலைவர் ப. தனபால் 18.9.2017 அன்று தகுதிநீக்கம் செய்தார். திருப்போரூர் உறுப்பினர் கோதண்டபாணியும் அவர்களில் ஒருவர். வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. இடைத்தேர்தல் அறிவிப்புக்கு இடைக்காலத் தடை வந்தது. 14.6.2018 அன்று இரு நீதிபதிகள் இருவேறு தீர்ப்பளித்தனர். மூன்றாம் நீதிபதி 25.10.2018 அன்று தகுதிநீக்கம் செல்லும் என்றார். வாக்குப்பதிவு 18.4.2019 அன்றும், எண்ணிக்கை 23.5.2019 அன்றும் நடந்தன. தி.மு.க.வின் இதயவர்மன் வென்றார்.

இனி ஒரு சிறு கணக்கு. 2016 மே மாதம் திருப்போரூர் மக்கள் ஐந்தாண்டுக்கு, அதாவது அறுபது மாதங்களுக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர். முதல் பதினாறு மாதங்கள் ஒருவர் இருந்தார். அடுத்த இருபது மாதங்கள் ஒருவரும் இல்லை. எஞ்சிய இருபத்து நான்கு மாதங்கள் வேறொருவர் இருந்தார். மூன்றில் ஒரு பங்குக் காலம் நாற்காலி வெறுமையாகவே கிடந்தது.

அந்த வெறுமை தனித்து வரவில்லை என்பதையும் எண்ண வேண்டும். உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்துவிட்டிருந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தின் ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது. பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் தனி அலுவலர்களே நிர்வகித்தனர். ஆகவே அந்த இருபது மாதங்களில் கோவளத்து மீனவரோ, கேளம்பாக்கத்து உப்பளத் தொழிலாளியோ, மாமல்லபுரத்துச் சிற்பியோ குறை சொல்லப் புறப்பட்டால், கவுன்சிலர் இல்லை, ஊராட்சித் தலைவர் இல்லை, சட்டமன்ற உறுப்பினரும் இல்லை. ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்குப் பொதுவான மக்களவை உறுப்பினர் ஒருவரே மிச்சம்.

சட்டம் இதற்கு வழி சொல்லாமல் இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151அ பிரிவின்படி காலியான இடத்தை ஆறு மாதங்களுக்குள் நிரப்ப வேண்டும். விலக்குகள் இரண்டு: எஞ்சிய காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருப்பது, உரிய காலத்தில் நடத்துவது கடினம் எனத் தேர்தல் ஆணையம் மத்திய அரசுடன் கலந்து சான்றளிப்பது. நீதிமன்றத் தடையோ இவ்விரண்டுக்கும் வெளியே நின்றது. அத்தடையை நாம் குறைகூறவில்லை. பதினெண்மர் வழக்கில் வென்றிருந்தால், ஓர் இடத்துக்கு இரண்டு உறுப்பினர் என்ற விபரீதம் நேர்ந்திருக்கும். தடை அவர்களுக்குச் செய்த நியாயம். ஆனால் வழக்கு பதின்மூன்று மாதம் நீண்டது வாக்காளருக்கு இழைத்த அநியாயம். அவ்வழக்கில் பேரவைத் தலைவர் ஒரு தரப்பு, உறுப்பினர்கள் மறு தரப்பு. இழந்தவர்களான மக்கள் எத்தரப்பிலும் இல்லை.

நாற்காலி காலியாக இருப்பது நடுநிலையான நிலையும் அன்று. 234 இடங்களில் பதினெட்டும், அப்போது காலியாக இருந்த ஆர்.கே. நகரும் போக, 215 பேரே எஞ்சினர். பெரும்பான்மைக்குரிய எண் 118-லிருந்து 108 ஆயிற்று. இடம் நிரம்பாதவரை ஆள்வோர்க்கு ஆதாயம். எந்தக் கட்சி ஆண்டாலும் இக்கணக்கு மாறாது.

திருப்போரூராவது ஒருமுறை காத்திருந்தது. குடியாத்தம் இருமுறை காத்திருந்தது. பதினெட்டில் அதுவும் ஒன்று. 2019-இல் அங்கு வென்ற காத்தவராயன் 2020 பிப்ரவரியில் மறைந்தார். கொரோனாக் காலத்தில் தமிழகத்தில் இடைத்தேர்தல் நடத்தப்படாததால், 2021 மே வரை அத்தொகுதி மறுபடியும் வெறுமையாயிற்று. அறுபது மாதங்களில் பாதிக்கு மேல் உறுப்பினரே இல்லை! ஈரோடு கிழக்கிலோ, 4.1.2023 அன்று உறுப்பினர் மறைய, 27.2.2023 அன்றே வாக்குப்பதிவு நடந்தது. ஐம்பத்து நான்கே நாட்கள். ஒரே மாநிலம், ஒரே சட்டம். காத்திருப்பில் மட்டும் இத்தனை வேற்றுமை.

இடைத்தேர்தலே வேண்டாம், கட்சியே மாற்று ஆளை நியமிக்கட்டும் என்போர் உண்டு. இலங்கையில் மாவட்ட உறுப்பினரின் இடம் காலியானால் அதே பட்டியலில் அடுத்த விருப்பு வாக்குப் பெற்றவர் வருவார். தேசியப் பட்டியல் இடத்துக்குக் கட்சியே பெயர் தரும். 2020 தேர்தலில் தோற்ற ரணில் விக்கிரமசிங்க, 2021-இல் தம் கட்சிக்குக் கிடைத்த ஒரே தேசியப் பட்டியல் இடத்தின் வழியே நாடாளுமன்றம் புகுந்து, 2022-இல் அதே மன்றத்தின் வாக்கால் அதிபரும் ஆனார். சட்டப்படி சரியே. ஆயினும் விகிதாசாரப் பட்டியலுக்குப் பொருந்தும் வழி, ஓர் ஊரின் ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கும் நம் முறைக்குப் பொருந்தாது. கட்சி நியமித்தால் உறுப்பினர் தொகுதிக்குக் கடன்பட்டவராக மாட்டார்; தலைமைக்கே கடன்பட்டவராவார்.

இடைத்தேர்தல் தூய்மையானது என்று நாம் சாதிக்கவில்லை. 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தல் ‘ஃபார்முலா’ என்ற சொல்லுக்கே தமிழில் புதுப்பொருள் தந்தது. பணப்பட்டுவாடாப் புகாரால் 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர்த் தேர்தலே ரத்தாயிற்று. அமைச்சரவையே ஒரு தொகுதியில் முகாமிடுவதும், வெற்றி வாய்ப்பில்லை என்று எதிர்க்கட்சிகள் புறக்கணிப்பதும் வழக்கமாகிவிட்டன. எனினும் நோய்க்கு மருந்து தேடுவதுதான் முறை; நோயாளியை அப்புறப்படுத்துவது முறையன்று.

நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, தகுதிநீக்க வழக்குகளுக்குக் காலவரையறை. தேர்தல் வழக்கை ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று அதே சட்டம் கூறுகிறது; அதே அவசரம் இங்கும் வேண்டும். இரண்டாவது, தகுதிநீக்கும் அதிகாரம் ஒரு கட்சியைச் சார்ந்த பேரவைத் தலைவரிடமிருந்து நிலையான தீர்ப்பாயத்துக்கு மாறுவது. மணிப்பூர் வழக்கில் 2020 ஜனவரியில் உச்சநீதிமன்றமே இதனை எண்ணிப் பார்க்குமாறு நாடாளுமன்றத்துக்குச் சொன்னது. மூன்றாவது, ஆறு மாதம் கடந்தால், ஏன் கடந்தது என்று அத்தொகுதி மக்களுக்கு எழுத்தில் காரணம் சொல்லும் கடமை.

‘உறுப்பினர்’ என்ற சொல் ‘உறுப்பு’ என்பதிலிருந்து பிறந்தது. உறுப்பு ஒன்று இல்லாத உடலை யாரும் முழு உடல் என்பதில்லை. உறுப்பினர் இல்லாத மன்றத்தை மட்டும் நாம் இருபது மாதங்கள் முழு மன்றம் என்றே அழைத்துவந்தோம்.