கயிறு சொல்வதைக் கேளுங்கள்!

கிராமத்துக் கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் பெண்மணி, குடத்தை உள்ளே விடுமுன் தாம்புக் கயிற்றை ஒரு முறை விரல்களுக்கிடையே ஓடவிட்டுப் பார்ப்பாள். ஒரு புரி நைந்திருந்தால் அன்றே வேறு கயிறு மாற்றிவிடுவாள். அறுந்தால் போவது ஒரு குடம்தான். அதற்கே அவ்வளவு முன்யோசனை! பத்து டன் இரும்பை மனிதர் தலைக்கு மேலே தூக்குகிற இடங்களில் இந்த முன்யோசனை எந்த அளவுக்கு இருக்கிறது?

சென்ற மாதம் ஒரு பெரிய பட்டறைக்குப் போயிருந்தேன். கிரேனையும் கயிறுகளையும் பரிசோதித்ததற்கான அத்தாட்சிப் பத்திரத்தைக் கண்ணாடி போட்டு அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தார்கள். தேதி சமீபத்தியதுதான். வெளியே வந்து, பாரம் கட்டும் வயர் ரோப் ஒன்றைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். வயதான கலாசி ஒருவர் பதறிப்போய்த் தடுத்தார்.

"கையை வைக்காதீங்க சார், கிழிச்சிடும்!"

அவர் பழந்துணி ஒன்றைக் கயிற்றைச் சுற்றிப் பிடித்து மெல்ல இழுத்தார். இரண்டு இடங்களில் துணி சிக்கிக்கொண்டது. அறுந்த கம்பி முனைகள்!

"கயிறு வாய் விட்டுப் பேசாதுங்க. இப்படித்தான் துணியைப் பிடிச்சு இழுத்துச் சொல்லும்."

"தெரிந்துமா இதை உபயோகிக்கிறீர்கள்?"

"புதுசு வரும்னு சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் வேலை நிக்குமா, சார்?"

இந்த ஒரு கேள்வியில் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

கம்பிக் கயிறு பிறந்த கதையைப் பாருங்கள். ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப் பகுதிச் சுரங்கங்களில் சங்கிலிகள் அடிக்கடி அறுந்து தொல்லை கொடுத்தன. சங்கிலியில் ஒரு வளையம் போனால் எல்லாம் போயிற்று. இதற்குப் பரிகாரமாகத்தான் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற சுரங்க அதிகாரி 1834ல் இரும்புக் கம்பிகளை முறுக்கிக் கயிறாக்கினார். இதில் ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்கும். முழுக் கயிறும் அறுவதற்கு முன்பே, பார்க்கத் தெரிந்தவனுக்கு அது எச்சரிக்கை கொடுத்துவிடும். அந்த எச்சரிக்கையைக் கேட்டும் கேளாதவர்போல் இருந்துவிட்டால், ஆல்பர்ட் என்ன செய்வார்?

சட்டம் இல்லாமல் இல்லை. தூக்கும் இயந்திரம், சங்கிலி, கயிறு முதலியவற்றைத் தகுதி பெற்ற ஒருவர் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும், குறிப்பிட்ட பாரத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு விதித்தது. சட்டத்தின் பெயரும் பிரிவின் எண்ணும் காலத்துக்குக் காலம் மாறலாம். அதிலுள்ள நியாயம் மாறாது.

ஆனால் வருஷம் ஒரு முறை எழுதும் பத்திரம், மறுநாள் நடப்பதை அறியுமா? கூரான இரும்பு விளிம்பில் ஒரு முறை உராய்ந்தால் நல்ல கயிறும் கெட்டுப்போகும். கட்டும் விதத்தில் இன்னொரு சூட்சுமம் உண்டு. ஒரு டன் பாரத்தை இரண்டு கயிறுகள் நேராகத் தாங்கினால் ஒவ்வொன்றுக்கும் அரை டன். அவற்றையே அகல விரித்து, படுக்கைக் கோட்டுக்கு 30 டிகிரி சாய்வில் கட்டினால், ஒவ்வொரு கயிறும் முழு ஒரு டன் இழுவையைத் தாங்கியாக வேண்டும்! இதைப் பத்திரம் சொல்லாது. கட்டுகிறவனின் கண்தான் சொல்ல வேண்டும்.

பரிசோதனையையும் வெறும் சடங்காக நினைத்துவிடக் கூடாது. 2020 ஆகஸ்ட் 1ந் தேதி, விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில் 70 டன் கிரேன் ஒன்றைப் பாரம் ஏற்றிச் சோதிக்கையில், அது சரிந்து விழுந்து 11 பேர் மாண்டார்கள். சோதனை என்பதே, தாங்குமா என்ற சந்தேகத்தைத் தீர்க்கும் முயற்சி அல்லவா? அந்த நேரத்தில் அவசியமில்லாத ஒரு ஆள்கூட அருகே இருக்கலாகாது.

"ஒரு கயிற்றுக்காக வேலையை நிறுத்தினால் நஷ்டம்" என்று முதலாளிகள் ஆட்சேபிக்கலாம். நியாயம்தான். அதனால்தான் சொல்கிறேன், மாற்றுக் கயிறு எப்போதும் கிடங்கில் தயாராக இருக்கட்டும். கழித்த கயிற்றை மூலையில் போட்டு வைக்காதீர்கள். அவசரத்தில் எவனாவது எடுத்துக் கட்டிவிடுவான். அன்றே துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 'இந்தக் கயிறு வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் கலாசிக்கு இருக்க வேண்டும். அப்படிச் சொன்னதற்காக அவர் கூலியில் ஒரு காசும் குறையக் கூடாது. நாள் கூலிக்கு வருகிறவர், நாளைக்கும் வேலை வேண்டுமே என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டால், அந்தப் பாரத்தின் கீழே நிற்கப்போவதும் அவரும் அவர் தோழர்களும்தான்.

கிணற்றடிப் பெண்மணியிடம் அத்தாட்சிப் பத்திரம் கிடையாது. ஆனால் நைந்த கயிற்றைத் தூக்கி எறிய அவள் யாருடைய உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை. அந்த உரிமையைக் கலாசிக்கும் கொடுங்கள். கயிறு சொல்வதை அவர் கேட்கிறார்; அவர் சொல்வதை நாம் கேட்போம்.