பாஸுக்குப் பின்னால் சட்டம் இருந்ததா?

"கோட்டுக்குப் போய் எங்கட சனத்துக்கு என்ன கிடைச்சது? ஓமந்தையைப் பூட்டினதும் திறந்ததும் அரசியல்தான்." வவுனியாப் பக்கம் இந்தப் பேச்சு நெடுநாளாகப் புழங்குகிறது. ஏ9 வீதியில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் மணிக்கணக்காக வரிசையில் நின்ற சனம் இப்படிச் சொல்வதில் வியப்பில்லை. ஆனால் இது உண்மையில்லை. இதை நம்பிப் பேசாமல் இருப்பவர்களுக்குத்தான் இழப்பு அதிகம்.

வவுனியாவில் தங்கவும் போய்வரவும் அனுமதித் துண்டு கேட்ட பாஸ் முறை யுத்தகாலச் சட்டம், அதை எதிர்த்து ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியாது என்பார்கள். அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை, நாட்டுக்குள் விரும்பிய இடத்துக்குப் போகவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் ஒவ்வொரு பிரசைக்கும் உரிமை தருகிறது. தேசியப் பாதுகாப்புக்காக அந்த உரிமையை மட்டுப்படுத்தலாம் என்பதும் மெய். அப்போதும் அந்த மட்டுப்பாடு சட்டத்தாலோ, முறையாக ஆக்கப்பட்ட அவசரகால ஒழுங்குவிதியாலோ வந்திருக்க வேண்டும் என்று 15ஆம் உறுப்புரை கேட்கிறது. வவுனியாவில் ஒரு நாளுக்கு, ஒரு வாரத்துக்கு, ஒரு மாதத்துக்கு என்று தவணை போட்டுத் தந்த துண்டுக்குப் பின்னால் அப்படி எது இருந்தது? எத்தனையோ வருடங்கள் இந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. கியூவில் நிற்பதா, பொறுப்பதிகாரியைக் கேள்வி கேட்பதா என்றால் பிள்ளைகுட்டிக்காரர் எதைத் தெரிவார்கள்?

சிதம்பரபுரம் முகாமில் இருந்த ஒருவர் கேட்டார். அந்த முகாமின் பொலிஸ் காவலரண் பொறுப்பதிகாரியையே முதல் எதிர்மனுதாரராக்கி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2002ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க அடிப்படை உரிமை வழக்கு அது. அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி தீர்ப்பு வந்தது. அவருடைய நடமாட்டச் சுதந்திரம் மீறப்பட்டது என்றும், அந்தக் கட்டுப்பாட்டைத் தாங்கச் சட்டம் எதுவும் இல்லை என்றும் நீதிமன்றம் கண்டது. பெரிய கட்சியோ பணமோ பின்னால் இல்லாத, இடம்பெயர்ந்து முகாமுக்கு வந்த ஒரு மனிதர் செய்த வேலை இது. எங்கள் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டிய வழக்கு. ஓமந்தையிலேயே கனபேருக்குத் தெரியாது.

உடனே இன்னொரு பதில் வரும்: அது சமாதான காலம், பெப்ரவரியில் யுத்தநிறுத்த ஒப்பந்தம், ஏப்ரலில் ஏ9 பாதை திறப்பு, காற்று அந்தப் பக்கம் வீசியதால் தீர்ப்பும் அப்படி வந்தது என்று. 2007 ஜூன் 7ஐ நினைத்துப் பார்க்கட்டும். யுத்தம் உச்சத்தில் இருந்தது. கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழரை விடியப்புறத்தில் எழுப்பி பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட்டது. மறுநாளே உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. இரண்டொரு நாளில் பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க மன்னிப்புக் கேட்டார். அந்த நேரம் காற்று எந்தப் பக்கம் வீசியது?

புலிகளும் பாஸ் வைத்திருந்தார்களே, ஆள் பிணை கேட்டார்களே என்பது அடுத்தது. வைத்திருந்தார்கள், கேட்டார்கள். வன்னியை விட்டு வெளியேற முடியாமல் குடும்பங்கள் பிரிந்து கிடந்ததற்கு அதுவும் காரணம். அதை மூடி மறைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வரி வாங்கி, அடையாள அட்டை கொடுத்து, அரசியலமைப்பின் பேரில் ஆள்வது அரசு. மற்றவன் பிழை விட்டான் என்று அந்த அரசு தன் சொந்தச் சட்டத்தை மீற முடியாது.

இந்தப் பேச்சிலேயே கனமான வாதம் யுத்தம் முடிந்த 2009தான். அதைத் தட்டிக் கழிக்க மாட்டேன். ஓமந்தையால் சோதித்து எடுக்கப்பட்ட சனத்தில் பெரும்பகுதி செட்டிகுளம் மெனிக் பாமில் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டது. எல்லா முகாமும் சேர்த்து மூன்று இலட்சத்துக்குக் கிட்ட. குற்றச்சாட்டு இல்லை, நீதவான் உத்தரவு இல்லை. அதை எதிர்த்தும் வழக்குப் போடப்பட்டது. வேலியைத் திறக்கும் தீர்ப்பு வரவில்லை. டிசெம்பர் 1ஆம் திகதி போய்வர விட்டது அரசாங்கத்தின் முடிவு. நீதிமன்றம் அங்கே எங்களைக் கைவிட்டது. ஆனால் 2002இலும் 2007இலும் சொன்ன அதே சட்டம் 2009இலும் புத்தகத்தில் இருந்தது. அதைச் சொல்லத் தவறியவர்கள் மீதான குற்றம் சட்டத்தின் மேல் விழாது. ஓரிடத்தில் தோற்றதால் வென்றது வீணாகாது என்பதற்கு வெளியே ஓர் உதாரணம்: அமெரிக்காவில் அரிசோனா மாநிலம் 2010இல் கொண்டுவந்த குடிவரவுச் சட்டத்தை சமஷ்டி அரசே நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம், கேள்விக்குள்ளான நான்கு பிரிவுகளில் மூன்றை அடித்துவிட்டது. பொலிஸ் ஓர் ஆளின் குடிவரவு நிலையை விசாரிக்கும் பிரிவை விட்டுவைத்தது. அங்குள்ளவர்கள் அந்த ஒன்றைக் காட்டி மற்ற மூன்றும் வீண் என்று சொல்லவில்லை.

2014 ஒக்டோபரில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் வடக்கே போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்றார்கள். உறவைப் பார்க்க வந்தவர்கள் ஓமந்தையில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2015 ஜனவரியில் ஆட்சி மாற, அது நீங்கியது. ஓகஸ்டில் சாவடியும் போனது. இதைத்தான் "அரசியல் தந்தது" என்கிறார்கள். அரசியல் தந்ததை அரசியலே எடுக்கும் என்பதற்கு 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வீதியில் திரும்பி வந்த சாவடிகளே போதும்.

ஆகவே சாவடியில் மறிக்கப்படுகிறவர் முதலில் கேட்க வேண்டியது, எந்தச் சட்டத்தின் கீழ் என்றுதான். திகதி, நேரம், இடம், அதிகாரியின் பதவி எல்லாவற்றையும் அன்றிரவே எழுதி வைக்க வேண்டும். அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பு தரும் தவணை ஒரே ஒரு மாதம். கொழும்புக்கு ஓடிப் போக வசதியில்லாதவர் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தத் தவணையில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அதைச் சொல்கிறது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் வவுனியா நகரிலேயே இருக்கிறது.