கடனுக்குச் செல்லும் கைநாட்டு கூலிக்குச் செல்லாதா?

வீராணம் ஏரித் தண்ணீர் பாயும் காட்டுமன்னார்கோயில் பூமியிலே ஒரு காலம் இருந்தது. பண்ணையார் நீட்டிய கடன் பத்திரத்தில் பண்ணையாள் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்துவான். அந்தக் கைநாட்டு ஒன்றே போதும். அவனும் பிள்ளைகளும் பண்ணைக்கு அடிமை! ‘ரேகை தெளிவாக இல்லை’ என்று அன்று எந்த மிராசுதாரரும் சொன்னதில்லை.

இன்று அவன் பேரன் அதே விரலை ரேஷன் கடைக் கருவியில் வைக்கிறான். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல். ‘ரேகை பொருந்தவில்லை, நாளைக்கு வா’ என்கிறார்கள். கடனுக்குச் செல்லுபடியான விரல் அரிசிக்குச் செல்லுபடியாகவில்லை! இதன் பெயர் டிஜிட்டல் சீர்திருத்தம்!

நூறு நாள் வேலையின் கதை இன்னும் கொடிது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் என்ன சொன்னது? கேட்ட 15 நாளில் வேலை. செய்த 15 நாளில் கூலி. தாமதித்தால் நஷ்ட ஈடு. மத்திய சர்க்கார் இந்த உரிமையைப் பகிரங்கமாகப் பறிக்கவில்லை, செல்போனுக்குள் ஒளித்தது. 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தளத்திலும் தினம் இரு முறை ஆட்களைப் படம் பிடித்துச் செயலியில் ஏற்ற வேண்டும் என்றது. படம் ஏறவில்லையா? வருகை இல்லை. வருகை இல்லையா? கூலி இல்லை. வெட்டிய மண் வாய்க்கால் கரையில் மலையாகக் கிடந்தாலும் அது சாட்சி அல்ல!

2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழியாகத்தான் கூலி என்றது. அட்டையில் ஓர் எழுத்து, கணக்கில் ஓர் எழுத்து என்றால் தகராறு. எழுத்தைத் தவறாக அடித்தவர் யாரோ. பட்டினி கிடப்பது தொழிலாளி!

ஆலைத் தோழர்களே! உங்கள் பி.எப். பணமும் இதே கண்ணியில்தான் மாட்டியிருக்கிறது. ஆலைக் கணக்கில் ஒரு பிறந்த தேதி, ஆதாரில் வேறு தேதி என்றால், வருஷக்கணக்கில் பிடித்த பணம் முடங்கிவிடுகிறது.

‘ஊழலை ஒழிக்கவே இந்த ஏற்பாடு’ என்கிறார்கள் ஆளவந்தார்கள். ஒழிந்ததா? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கையில் ஒப்புக்கொண்டது: வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள்! திருடன் கருவியைத் தாண்டிவிட்டான், உழைத்தவன் மாட்டிக்கொண்டான்.

பாடம் கற்றார்களா? 2025 டிசம்பரில், நூறு நாள் சட்டத்தையே ஒழித்துக்கட்டும் புதிய சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். பேருக்கு 125 நாள். செலவில் 40 சதவீதம் தமிழ்நாடு போன்ற மாநிலங்களின் தலையில். விதைப்பு, அறுப்புக் காலத்தில் 60 நாள் இந்த வேலை கிடையாது. அந்த நாட்களில் கூலி பேசும் பலம் யாருக்குக் குறையும், யாருக்குக் கூடும்? ரேகைச் சோதனையையோ சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

நாம் யந்திரத்துக்கு விரோதிகள் அல்ல. கூலி இடைத்தரகன் கைக்குப் போகாமல் நேரே கணக்கில் விழுந்தால் நல்லதே. ஆனால் யந்திரம் தவறினால் தண்டனை யாருக்கு என்பதே கேள்வி. கோடிக்கணக்கில் சலுகை பெறும் முதலாளி தினம் இரு முறை படத்துக்கு நிற்கிறாரா?

நமது கோரிக்கை எளியது. படம் ஏறாத நாளில் கையெழுத்து வருகைப் பதிவேடு செல்ல வேண்டும். ரேகை பொருந்தாவிட்டாலும் அன்றே அரிசி தர வேண்டும். மறுத்தால் காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

2023இல் தில்லி ஜந்தர் மந்தரில் வடநாட்டுத் தொழிலாளிகள் இதற்காகவே தர்ணா இருந்தார்கள். நாமும் துவங்குவோம். ஏறாத படத்தையும் வராத கூலியையும் நாள் போட்டு நோட்டில் எழுதுங்கள். சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். கூடிப் போய்க் கேட்போம். ஒரு விரல் பதியாமல் போகலாம். ஓங்கிய ஆயிரம் கைகள் பதியாமல் போகா!