அரசனை வெல்லும் ஏவலாள்

ஆங்கிலச் சீட்டாட்ட வழக்கிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்ட சொற்களுள் 'நேவ்' என்பது ஒன்று. ராஜா, ராணி ஆகிய இரண்டுக்கும் அடுத்து வரும் மூன்றாவது படச்சீட்டை, அதாவது ராயபுரத்திலும் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் 'ஜாக்கி' என்று வழங்கும் சீட்டை, ஆங்கிலேயர் பல நூற்றாண்டுகள் இந்தப் பெயரால்தான் அழைத்து வந்தனர். அச்சொல்லின் வரலாறு ஒரு வேலைக்காரச் சிறுவனின் பெயர் படிப்படியாக இழிந்துபோன வரலாறாகும். அதே சீட்டு வடசென்னைத் துறைமுகப் பகுதியின் ஆட்டங்களில் ராஜாவையும் ராணியையும் வெல்லும் தலைமைச் சீட்டாக நிற்பதால், இந்தக் கடற்கரையோடு சேர்த்தே அச்சொல்லை ஆராய வேண்டியிருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் 'க்னாஃபா' என்று ஒலித்த அச்சொல்லுக்குச் சிறுவன் என்பது மட்டுமே பொருள். இன்றைய ஜெர்மானிய மொழியில் சிறுவனைக் குறிக்கும் 'க்னாபெ' அதன் உறவுச் சொல். 14ஆம் நூற்றாண்டில் விக்லிஃப் பெயரால் வழங்கும் ஆங்கில விவிலியம், திருவெளிப்பாட்டின் 12ஆம் அதிகாரத்தில், எல்லா நாடுகளையும் ஆளப் பிறக்கும் ஆண் மகவைக் குறிக்க இந்தச் சொல்லையே கையாண்டது என்பதிலிருந்து, அன்று அதில் இழிவு ஏதும் படிந்திருக்கவில்லை என்பது தெளிவாகிறது. சிறுவரையே ஏவல் வேலைக்கு வைத்துக்கொண்ட சமுதாயத்தில் சிறுவன் என்ற சொல் ஏவலாளைக் குறிக்கத் தொடங்கியது; ஏவலாளை நம்பத் தகாதவனாகக் கண்ட எசமானர்களின் வாயில் அதுவே அயோக்கியன் என்ற பொருளுக்குச் சரிந்தது. இதற்கு நேர்மாறாக, அதே தொடக்கப் பொருளுடைய 'க்னிஹ்ட்' என்ற சொல் அரசனின் படையில் சேர்ந்து, 'நைட்' என்ற வீரப் பட்டமாக உயர்ந்தது. சென்னப்பட்டணத்துத் துரைமார் வீடுகளில் 'பாய்' என்று கூப்பிடப்பட்டவர் நரைத்த தலையோடு இருந்தாலும் பையனாகவே கருதப்பட்டார் என்பதையும், இன்றைய பஞ்சர் கடையிலும் டீக்கடையிலும் 'பையன்' என்றால் சம்பளத்துக்கு நிற்கும் ஆள் என்றே பொருள்படுவதையும் நோக்கினால், வயதைக் குறிக்கும் சொல் வேலையைக் குறிப்பதாக மாறுவது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய போக்கன்று எனலாம்.

இச்சொல் சீட்டுக்குள் நுழைந்த விதம் தனிக் கதை. 1370களில் ஐரோப்பாவை எட்டிய சீட்டுக்கட்டு, எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் கட்டிலிருந்து வந்தது. அதில் அரசன், அவனுடைய பிரதிநிதியான 'நாயிப்', இரண்டாம் நாயிப் என மூன்று பதவிச் சீட்டுகள் இருந்தனவே தவிர ராணி இல்லை. ஸ்பானியர் சீட்டுகளை 'நைப்பெ' என்று அழைப்பது அந்த நாயிப்பின் நினைவே. ஐரோப்பியர் அரசாங்கப் பதவிகளை அரசவைக் குடும்பமாக மாற்றியபோது, பிரெஞ்சுக்காரர் ராணியைச் சேர்த்து மூன்றாம் இடத்தை 'வாலெ' என்னும் பணியாளுக்குக் கொடுத்தனர். ஆங்கிலேயர் அதனை 'நேவ்' என்றனர். அரசப் பிரதிநிதி நிலையில் இருந்த ஒருவர் நாடு விட்டு நாடு போனதில் வீட்டு வேலையாளாகிவிட்டார்.

'ஜாக்' என்பது பின்னர் வந்த பெயர். ஜான் என்ற பெயரின் செல்ல வடிவமான அது, ஊர் பேர் தெரியாத எந்தச் சாமானியனையும் குறிக்கப் பயன்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் எளிய மக்களிடையே பரவியிருந்த, 1674இல் சார்லஸ் காட்டன் தம் நூலில் விவரித்த 'ஆல் ஃபோர்ஸ்' என்ற ஆட்டத்தில், மற்றச் சின்னங்களை வெட்டும் துருப்புச் சின்னத்தின் நேவுக்கு மட்டும் ஜாக் என்ற பெயர் வழங்கியது. மதுக்கடைகளில் ஆடப்பட்ட ஆட்டத்தின் சொல் என்பதால் மேட்டுக்குடியினர் அதை வெறுத்தனர். 1861இல் நூலாக வெளிவந்த சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில், நேவ் என்று சொல்லத் தெரியாமல் ஜாக் என்று சொல்லிவிட்ட கொல்லன் வீட்டுச் சிறுவன் பிப்பை எஸ்டெல்லா ஏளனம் செய்யும் இடம், ஒரே ஒரு சொல்லால் ஒருவனுடைய வர்க்கத்தை அளந்துவிடும் அந்தக் காலத்தின் கொடுமையை அப்படியே காட்டுகிறது. எனினும் வென்றது சிறுவனின் சொல்லே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கையில் விசிறிபோல் பிடித்த நிலையிலேயே சீட்டை அடையாளம் காண மூலைகளில் எழுத்து பொறிக்கும் வழக்கம் வந்தபோது, நேவுக்குரிய எழுத்துகள் ராஜாவுக்குரிய எழுத்தோடு குழம்பின. அக்குழப்பத்தைத் தவிர்க்க ஜாக்கின் முதலெழுத்து பொறிக்கப்பட்டது, நேவ் மெல்ல வழக்கொழிந்தது.

ஜாக் என்ற பெயர் ஆளோடு நிற்கவில்லை, ஆள் செய்த வேலையைச் செய்யும் கருவிக்கும் ஏறியது. அடுப்பின்முன் இறைச்சிக் கம்பியைச் சுழற்றிக்கொண்டு நின்ற பையனுக்கு மாற்றாக வந்த பொறிக்கும், பளு தூக்கும் சாதனத்துக்கும் ஆங்கிலேயர் அதே பெயரை வைத்தனர். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரியின் அச்சுக்குக் கீழே கிளீனர் தள்ளிவைத்து ஏற்றும் ஜாக்கியும், அந்த லாரியின் நிழலில் துண்டு விரித்து ஆடப்படும் சீட்டில் விழும் ஜாக்கியும் பிறப்பால் ஒரே சொல். இரண்டும் வேலைக்காரப் பையனின் பெயர்கள். கப்பல் மாலுமிக்கும் ஆங்கிலத்தில் 'ஜாக் டார்' என்ற பெயர் உண்டு என்பதைச் சேர்த்துக்கொண்டால், இச்சொல் துறைமுகத்தை விட்டு எங்கும் போகவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது.

இனி அந்தச் சீட்டின் மதிப்புக்கு வரலாம். தமிழகத்திலும் இலங்கையிலும் ஆடப்படும் 'முன்னூற்றி நாலு' என்னும் ஆட்டத்தில் ஒவ்வொரு சின்னத்துக்கும் ஏழு முதல் ஆஸ் வரை எட்டாக 32 சீட்டுகள் உண்டு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 எனப் புள்ளிகள் அமையும். எட்டுக்கும் ஏழுக்கும் மதிப்பில்லை. ஒரு சின்னத்துக்கு 76, நான்கு சின்னங்களுக்கும் சேர்த்து 304 என்பதே ஆட்டத்தின் பெயர்க் காரணம். ஒரு சுற்றில் விழும் சீட்டுகளை வென்றவர் அள்ளிக்கொள்வது 'பிடி' எனப்படும். முதலாமவர் ராஜாவை இறக்க, அடுத்தவர் ராணியைப் போட, மூன்றாமவர் ஆஸை வைத்துப் பிடி தம் கைக்கு வந்துவிட்டதாக நிமிரும்போது, நான்காமவர் அதே சின்னத்தின் ஜாக்கியைத் தரையில் அறைந்தால், 46 புள்ளியுள்ள அந்தப் பிடி முழுவதும் அவருடையதாகிறது. ராஜாவுக்குக் கிடைப்பது 3, வேலைக்காரனுக்குக் கிடைப்பது 30 என்ற இந்தக் கணக்கை, கூலி உழைப்பால் வளர்ந்த ஒரு கடற்கரையின் மக்கள் தலைமுறை தலைமுறையாக விரும்பி ஆடியதில் வியப்பில்லை.

ஆனால் இந்தத் தலைகீழ் வரிசை இங்கிலாந்திலிருந்து வந்ததன்று. ஆங்கிலேயரின் முதன்மை ஆட்டமான 'விஸ்ட்'டில் ஜாக் ராணிக்குக் கீழேதான் அடங்கிக் கிடக்கும். ஜாக்கையும் ஒன்பதையும் உச்சியில் வைப்பது நெதர்லாந்தில் தோன்றிய 'யாஸ்' ஆட்டக் குடும்பத்தின் இயல்பு. அங்கே துருப்புச் சின்னத்தின் ஜாக்குக்கு யாஸ் என்றும் ஒன்பதுக்கு 'நெல்' என்றும் பெயர், புள்ளிகள் முறையே 20, 14. ஸ்விட்சர்லாந்தின் தேசிய ஆட்டமாகவே ஆகிவிட்ட யாஸ், அந்நாட்டு ஆவணத்தில் முதன்முதலாக 1796இல் ஷாஃப்ஹவுசன் பகுதியில் பதிவானது. ஜாக்கியையும் ஒன்பதையும் உச்சியில் வைக்கும் இந்திய ஆட்டங்கள் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை என்று சீட்டாட்ட வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். ஒரு வேறுபாடு மட்டும் கவனத்துக்குரியது: நெதர்லாந்தில் துருப்புச் சின்னத்தில் மட்டுமே வேலைக்காரன் ராஜாவை வெல்வான், இங்கே நான்கு சின்னங்களிலும் வெல்வான்.

சின்னங்களின் பெயர்களே இந்த டச்சுத் தொடர்புக்கு வலுவான சான்று. வடசென்னையில் 'கிளாவர்' என்றும் 'ஆட்டின்' என்றும் வழங்குபவை ஆங்கிலத்தின் 'கிளப்', 'ஹார்ட்' என்பவற்றிலிருந்து திரிந்திருக்க முடியாது. டச்சு மொழியில் மூவிலைச் செடியைக் குறிக்கும் 'கிளாவர்', இதயங்களைக் குறிக்கும் 'ஹார்ட்டன்' என்பவையே அவை. இலங்கையில் 'ஸ்கோப்பன்' என்று வழங்குவது மண்வாரியைக் குறிக்கும் டச்சுச் சொல்லான 'ஸ்கோப்பன்' அன்றி வேறில்லை. சிங்களத்தின் இஸ்கோப்ப, ஹாரத, ருவித, கலாபர ஆகிய நான்கும் டச்சுப் பெயர்களே. வங்காளத்தில் ஹரதன், ருயிதன், இஸ்காபன் என்று அவை நிலைபெற்று, 1933இல் ரவீந்திரநாத் தாகூர் எழுதிய 'தாஷேர் தேஷ்' நாடகத்தில் மாந்தர் பெயர்களாகவே உலவுகின்றன. ஹூக்ளிக் கரையின் சின்சுரா, கொச்சி, யாழ்ப்பாணம், பழவேற்காடு என டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை வைத்திருந்த இடங்களைச் சுற்றியே இச்சொற்கள் வேரூன்றியிருக்கின்றன.

இவற்றுள் பழவேற்காடு எண்ணூருக்கு வடக்கே, கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தைத் தாண்டி, ஒரே உப்பங்கழித் தொடரில் இருக்கிறது. 1613இல் அங்கே எழுந்த கெல்டிரியா கோட்டை, கம்பெனியின் தலைமையிடம் 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் தலைநகராக விளங்கியது. 1825இல்தான் ஊர் இறுதியாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதாவது, ஆங்கிலேயர் 1639இல் சென்னப்பட்டணத்தில் இடம் பெறுவதற்கு முன்பே, இந்தக் கரையில் டச்சுச் சிப்பாய்களும் கணக்கர்களும் மாலுமிகளும் கால் நூற்றாண்டுக் காலம் காவலிலும் ஓய்விலும் கழித்திருந்தனர். இத்துறையிலிருந்து துணிகள் மட்டும் ஏற்றுமதியாகவில்லை; பஞ்சத்திலும் போரிலும் சிக்கிய மனிதர்கள் அடிமைகளாக ஜாவாத் தீவின் படேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர் என்பதை இந்த வரலாற்றில் மறைத்துவிட்டுப் பேசுவது முறையாகாது. 1806இல் எண்ணூர்வரை வெட்டப்பட்டு, பின்னர் பழவேற்காட்டையும் தாண்டி நீண்டு, 1878இல் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்ற நீர்வழியில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் சென்னைக்கு வந்துபோயின. பொருளோடு ஆட்களும், ஆட்களோடு அவர்களுடைய பேச்சும் ஆட்டமும் வந்தன.

'துருப்பு' என்ற சொல்லும் இத்துறைமுக வழியைச் சேர்ந்ததே. மற்றச் சின்னங்கள் அனைத்தையும் வெட்டும் உரிமை பெற்ற சின்னம் துருப்பு. இதைக் குறிக்கும் ஆங்கில, டச்சுச் சொற்களுக்கு வேர் 'வெற்றி ஊர்வலம்' எனப் பொருள்படும் லத்தீன் 'திரையும்ஃபுஸ்'. 1529இல் கேம்பிரிட்ஜில் ஹியூ லாட்டிமர் நிகழ்த்திய சீட்டுப் பிரசங்கங்களில் 'திரையம்ஃப்' என்ற ஆட்டமும் அதன் சுருக்கமான 'டிரம்ப்' என்ற சொல்லும் பேசப்படுகின்றன. ஆட்டத்தின் பெயர் இங்கிலாந்தில் அழிந்து, சுருக்கம் மட்டும் எஞ்சியது. டச்சில் அதுவே 'ட்ரூஃப்'. இடையில் மகர ஒலி இல்லாத தமிழின் துருப்பு, மலையாளத்தின் துறுப்பு, இந்தி, வங்காளத்தின் துருப் ஆகியவை டச்சு வடிவத்தோடு பொருந்துகின்றன. இலங்கைத் தமிழின் துரும்பு மகரம் உள்ள வடிவங்களை ஒட்டியிருக்கிறது. இன்று நாளிதழ்களின் அரசியல் பக்கங்களில் கடைசிவரை ஒளித்துவைத்த ஆயுதம் என்ற பொருளில் 'துருப்புச் சீட்டு' புழங்குவதும், ஏலம் கேட்டு வென்றவர் துருப்பைக் கவிழ்த்து மறைத்துவைக்கும் நம்மூர் ஆட்ட முறையும் ஒன்றுக்கொன்று இயல்பாகப் பொருந்துகின்றன.

மலையாளிகள் துருப்புச் சின்னத்தின் ஜாக்கியைத் 'துறுப்பு குலான்' என்பர். 2006இல் ஒரு திரைப்படத்துக்கே அது தலைப்பானது. குலான் என்பது 'குலாம்' என்ற அரபுச் சொல்லின் திரிபு. அதற்கும் முதற்பொருள் சிறுவன். பிறகு ஏவலாள், பிறகு அடிமை. மொகலாயர் ஆடிய, 1527இல் பாபர் சிந்து நாட்டு அரசருக்கு அனுப்பியதாகத் தம் குறிப்பில் எழுதியுள்ள 'கஞ்சிஃபா' என்னும் வட்டச் சீட்டாட்டத்தில், எட்டுச் சின்னங்களுள் ஒன்றின் பெயர் குலாம். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத ஆங்கிலமும் அரபும் ஒரே படிகளில் ஒரு சிறுவனைக் கீழே இறக்கியிருக்க, டச்சு வழி வந்த ஓர் ஆட்டம் அவனை ராஜாவுக்கு மேலே ஏற்றியிருக்கிறது.

இந்த ஏற்றம் இப்போது ஆபத்தில் இருக்கிறது. கைப்பேசிகளில் பரவியுள்ள ரம்மியில் ராஜா, ராணி, ஜாக்கி மூன்றுக்கும் ஒரே மதிப்பாகப் பத்துப் புள்ளிதான். அங்கே பிடியும் இல்லை, துருப்பும் இல்லை, கூட்டாளியின் முகம் பார்த்து ஆடும் நுட்பமும் இல்லை. வடசென்னையில் டைமன் என்ற ஆங்கிலச் சொல் 'ருயிதன்' என்ற டச்சு வழிச் சொல்லின் இடத்தை ஏற்கெனவே பிடித்துவிட்டது. திரையில் தோன்றும் ஆங்கிலப் பெயர்கள் ஆட்டினையும் கிளாவரையும் அவ்வாறே தள்ளிவிடக்கூடும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டு வலைக்கூடங்களிலும், பழவேற்காட்டுக் குப்பங்களிலும், லாரிகள் முறைக்குக் காத்துநிற்கும் மணலி, எண்ணூர்ச் சாலைகளிலும் முன்னூற்றி நாலு அறிந்த முதியவர்களைத் தேடிச் சென்று, சின்னங்களின் பெயர்களையும் ஏல வழக்குகளையும் அவர்கள் உச்சரிக்கும் வண்ணமே ஒலிப்பதிவு செய்யும் பணியைப் பல்கலைக்கழகங்களின் மொழியியல் துறைகள் மேற்கொள்ள வேண்டும். பழவேற்காட்டில் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள டச்சுக் கல்லறைகளுக்கு நிகரான சான்றுகள் இச்சொற்கள்.